புள்ளிகளில் எழும் பெருஞ்சுவர்கள்

விண்மீன் மண்டலக் கணக்கெடுப்பு என்று வானியலில் வழங்கப்படும் பெருமுயற்சிகள் யாவும், எத்தனை பெரிய தொலைநோக்கியைக் கொண்டு நடந்தாலும், முடிவில் ஓர் அட்டவணையாகவே வந்து சேர்கின்றன. அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரியும், பல்லாயிரம் கோடி விண்மீன்களைத் தன்னுள் அடக்கிய ஒரு விண்மீன் மண்டலத்தை, அதாவது கேலக்ஸி என்ற பெயரால் பலரும் அறிந்த ஒன்றை, அடிப்படையில் மூன்று எண்களாகச் சுருக்கித் தருகிறது: வானில் அதன் இடத்தைக் குறிக்கும் கோணங்கள் இரண்டு, அதன் தொலைவை மறைமுகமாகச் சொல்லும் செம்பெயர்ச்சி ஒன்று. பாடநூல்களும் இதழ்களும் 'பிரபஞ்ச வலை' என்று வண்ணப் படமாகக் காட்டும் இழைகள், சுவர்கள், அவற்றுக்கு நடுவே கிடக்கும் வெறுவெளிகள் எதுவும் அந்த அட்டவணையில் எழுதப்பட்டிருப்பதில்லை. எந்தப் புள்ளியை எதனுடன் சேர்ப்பது, சேர்த்துக்கொண்டே போய் எங்கே நிறுத்துவது என்ற விதியை ஒருவர் வகுத்த பிறகே சுவர் சுவராகிறது. விதி மாறினால் சுவரின் நீளம் மாறும். சில வேளைகளில் சுவரே காணாமற்போகும். ஆகவே 'பிரபஞ்சத்தின் மிகப் பெரிய அமைப்பு கண்டுபிடிப்பு' என்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் செய்தியைப் படிக்கும்போது, அந்த அமைப்பு எத்தனை கோடி ஒளியாண்டு நீண்டது என்பதற்கு முன்னால், அது எந்த விதியால் அமைப்பாயிற்று என்பதைக் கேட்டாக வேண்டும்.

செம்பெயர்ச்சி என்பது, ஒரு மண்டலத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்க்கையில், ஹைட்ரஜன், கால்சியம் போன்ற தனிமங்கள் பதிக்கும் கோடுகள் ஆய்வகத்தில் அளந்த இடத்தைவிட்டுச் சிவப்பு முனையை நோக்கி எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்பதன் அளவாகும். விரிந்துகொண்டிருக்கும் பிரபஞ்சத்தில் தொலைவு கூடக்கூட இந்த நகர்வும் கூடும் என்பதை எட்வின் ஹபிள் 1929-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியதால், நிறமாலை எடுக்கத் தெரிந்தவர்களுக்கு வானத்தின் மூன்றாவது பரிமாணம் கைக்கு வந்தது. இதற்கு அடிகோலிய அளவீடுகளை 1912 முதல் செய்துவந்தவர் வெஸ்டோ ஸ்லைஃபர். அவர் பணியாற்றிய, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபிளாக்ஸ்டாஃப் நகரிலுள்ள லோவெல் ஆய்வகத்தில்தான், அதன் நிறுவனரான பெர்சிவல் லோவெல், செவ்வாய்க் கோளில் இல்லாத கால்வாய்களைத் தொலைநோக்கி வழியே பார்த்துப் பார்த்து வரைந்தார் என்பதையும் இங்கே நினைவுகூர்வது தகும். மங்கலான புள்ளிகளைக் கோடுகளாக இணைத்துப் பார்க்கும் கண்ணின் பழக்கம் வானியலுக்குப் புதிதன்று.

கண்ணை நம்பியே நெடுங்காலம் வேலை நடந்தது என்பதும் உண்மை. ஜார்ஜ் ஏபெல் 1958-ல் வெளியிட்ட, இன்றளவும் ஆய்வாளர்கள் எடுத்தாளும் பட்டியலில் உள்ள 2,712 விண்மீன் மண்டலக் கொத்துகளும், பாலோமர் மலையில் எடுக்கப்பட்ட ஒளிப்படத் தகடுகளைக் கண்ணால் துழாவித் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கொத்து என்பது நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கு வரையிலான மண்டலங்கள் ஈர்ப்பு விசையால் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கும் தொகுதி. கொத்துகள் பல சேர்ந்த பெருங்கொத்துகளும் உண்டு என்று சிலர் வாதிட்டனர். எஸ்தோனியாவில் யான் ஐனஸ்தோவின் குழு, மண்டலங்கள் தேன்கூட்டின் அறைச்சுவர்களைப் போல் வெறுவெளிகளைச் சுற்றிப் படிந்துள்ளன என்று 1970-களின் இறுதியிலேயே சொல்லிவந்தது. 1981-ல் ராபர்ட் கிர்ஷ்னரும் உடனாய்வாளர்களும் பூட்டீஸ் விண்மீன் தொகுதியின் திசையில் ஏறக்குறைய 30 கோடி ஒளியாண்டு அகலத்துக்கு மண்டலங்கள் அரிதாகவே தென்படும் ஒரு வெறுவெளியைக் கண்டனர். ஆனால் சில திசைகளில் மட்டும் ஆழமாகத் துளைத்துப் பார்த்த அளவீடுகளை வைத்துக்கொண்டு, பிரபஞ்சம் முழுவதும் இப்படித்தான் என்று சொல்ல எவருக்கும் துணிவு வரவில்லை.

துணிவைத் தந்தது 1986-ல் வெளிவந்த ஒரு படம். ஹார்வர்ட்–ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தைச் சேர்ந்த வலேரி டெ லாப்பரான், மார்கரெட் கெல்லர், ஜான் ஹுக்ரா ஆகியோர், அரிசோனாவின் ஹாப்கின்ஸ் மலையிலுள்ள 1.5 மீட்டர் தொலைநோக்கியால், வானில் 6 பாகை அகலமும் 117 பாகை நீளமும் கொண்ட ஒரு மெல்லிய கீற்றில் ஏறத்தாழ 1,100 மண்டலங்களின் செம்பெயர்ச்சிகளை அளந்து விசிறிப் படமாக வரைந்தனர். விசிறியின் கூர்முனையில் பூமி. விளிம்பை நோக்கிப் போகப் போகத் தொலைவு. புள்ளிகள் விசிறி முழுதும் தூவியதுபோல் இல்லாமல், பெரும் குமிழிகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டவைபோல் கிடந்தன. நடுவில் கைகால் விரித்து நிற்கும் குச்சி மனிதன் ஒருவனின் உருவமும் தெரிந்தது. அடுத்தடுத்த கீற்றுகளையும் சேர்த்துப் பார்த்த கெல்லரும் ஹுக்ராவும், 50 கோடி ஒளியாண்டுகளுக்கும் மேல் நீண்ட 'பெருஞ்சுவர்' ஒன்றை 1989-ல் அறிவித்தனர். கணக்கெடுப்பு எங்கே முடிந்ததோ அங்கேதான் சுவரும் முடிந்தது என்பதால், சொன்ன நீளம் குறைந்தபட்ச அளவே என்று அவர்களே குறித்தது நேர்மையான செயல். பின்னாளில் வந்த பல அறிவிப்புகளில் இந்த அடக்கத்தைக் காண்பது அரிது.

படம் மறைப்பவை

அந்தக் குச்சி மனிதனின் உடற்பகுதியைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இத்துறையின் முதற் சிக்கல் விளங்கும். அவ்வுடல், ஏறத்தாழ 32 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கோமா கொத்து. அதற்குள் மண்டலங்கள் ஈர்ப்பின் பிடியில் தேனீக்கள்போல் வினாடிக்குச் சுமார் 1,000 கிலோமீட்டர் வேகத்தில் அங்குமிங்கும் பாய்ந்துகொண்டிருக்கின்றன. செம்பெயர்ச்சி அளவீடு பிரபஞ்ச விரிவால் வரும் வேகத்தையும் இந்தத் தனிவேகத்தையும் பிரித்தறியாது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகத் தந்துவிடும். அந்த எண்ணை அப்படியே தொலைவாக மாற்றினால், வினாடிக்கு 1,000 கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 4.6 கோடி ஒளியாண்டுப் பிழையாகும். குறுக்கே சுமார் 2 கோடி ஒளியாண்டு மட்டுமே உள்ள உருண்டையான கொத்து, நம் பார்வைக் கோட்டின் நெடுக்கே முன்னும் பின்னும் இழுபட்டு, பூமியை நோக்கி நீட்டிய நீண்ட விரல்போல் படத்தில் தெரிவது இதனால்தான். வானியலாளர்கள் இதற்குக் 'கடவுளின் விரல்' என்றே பெயரிட்டுள்ளனர்; பிரபஞ்சத்தின் எந்த மூலையில் உள்ள கொத்தும் பூமியையே சுட்டுவதாகத் தோன்றினால், அது அளவீட்டின் குறையேயன்றிப் பூமியின் பெருமையாக இருக்க முடியாது. மிகப் பெரிய அளவுகளில் இதற்கு நேர்மாறான விளைவும் உண்டு: அடர்ந்த பகுதியை நோக்கி இரு பக்கமிருந்தும் மண்டலங்கள் மெல்லச் சரிந்து வருவதால், அப்பகுதி பார்வைக் கோட்டின் நெடுக்கே நசுங்கி, உள்ளதைவிடக் கூர்மையான சுவராகத் தெரியும். இதன் கணிதத்தை 1987-ல் நிக் கைசர் வகுத்தார்.

இரண்டாவது சிக்கல் ஒளியைப் பற்றியது. தொலைவில் உள்ளவற்றில் மிகப் பிரகாசமானவை மட்டுமே கணக்கில் ஏறுவதால், விசிறியின் விளிம்பில் புள்ளிகள் குறைவதைப் பார்த்து அங்கே பிரபஞ்சம் காலியாகிறது என்று எண்ணிவிடக் கூடாது. மூன்றாவது, கருவியால் வருவது. வெளியில் பேசப்படுவது குறைவு. நியூ மெக்சிகோ மாநிலத்து அப்பாச்சி பாயிண்ட்டில் 2.5 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டு 2000-ல் தொடங்கிய ஸ்லோன் கணக்கெடுப்பில், அன்றிரவு பார்க்க வேண்டிய ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு துளை என்ற கணக்கில் அலுமினியத் தகடு ஒன்றில் 640 துளைகள் இடப்பட்டு, பகலிலேயே ஊழியர்கள் ஒவ்வொரு துளையிலும் ஓர் ஒளியிழையைக் கையால் செருகி வைத்தனர். ஒளியிழையின் முனைக்கும் ஒரு தடிமன் உண்டல்லவா? வானில் 55 கோணவினாடிக்குள் நெருங்கிக் கிடக்கும் இரண்டு மண்டலங்களுக்கு ஒரே தகட்டில் இரண்டு இழைகளைச் செருக இயலாது. இதனால் குறிவைத்த மண்டலங்களில் ஏறத்தாழ 6 விழுக்காடு விடுபட்டன. அவை எங்கும் சமமாக விடுபடாமல், மண்டலங்கள் மிக நெருங்கியிருக்கும் கொத்துகளில்தான் அதிகம் விடுபட்டன. அதாவது, தேடப்படும் பொருள் எங்கே அடர்ந்திருக்கிறதோ, அங்கேதான் தரவு மெலிந்திருக்கிறது.

நண்பனின் நண்பன்

இத்தனை குறைகளுடன் வரும் புள்ளிகளிலிருந்து தொகுதிகளைப் பிரித்தெடுக்க ஹுக்ராவும் கெல்லரும் 1982-ல் கையாண்ட முறை, எளிமையால் இன்றும் முதலிடத்தில் நிற்கிறது. 'நண்பனின் நண்பன்' என்று அழைக்கப்படும் அந்த அல்காரிதம், அதாவது படிப்படியான கணிப்பு நெறி, ஒரேயொரு அளவை முன்கூட்டியே கேட்கும்: இணைப்பு நீளம். ஒரு மண்டலத்தைச் சுற்றி அந்த நீளத்துக்குள் இருப்பவை எல்லாம் அதன் நண்பர்கள்; நண்பர்களின் நண்பர்களும் அதே குழு; புதிய நண்பர் எவரும் கிடைக்காதபோது குழு முற்றுப்பெறும். கடவுளின் விரலைச் சமாளிக்க, நீளம் இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. ஸ்லோன் தரவில் குழுக்களைப் பிரித்த ஆன்ட்ரியாஸ் பெர்லிண்டின் குழு 2006-ல், மண்டலங்களுக்கு இடையிலான சராசரித் தொலைவைப்போல் பார்வைக்குக் குறுக்கே 0.14 மடங்கும், நெடுக்கே 0.75 மடங்கும் கொண்டது. ஒரே முறையில் இரு திசைக்கு ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு! இந்த எண்கள் வானத்திலிருந்து வந்தவையல்ல. கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருளின் ஈர்ப்பால் அமைப்புகள் உருவாவதைக் கணினியில் பாவனை செய்து, விடை ஏற்கெனவே தெரிந்த அந்தச் செயற்கைப் பிரபஞ்சத்தில் எந்த எண் குறைந்த பிழையைத் தருகிறது என்று பார்த்துத் தேர்ந்தவை.

இணைப்பு நீளத்தைச் சிறிதாக வைத்தால் சிறுசிறு குழுக்கள் மட்டும் கிடைக்கும். சற்றே கூட்டிக்கொண்டு போனால் குழுக்கள் வளரும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், திடீரென்று எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கணக்கெடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை செல்லும் ஒரே பேருருவம் தோன்றிவிடும். சிந்தித்துப் பார்த்தால், ஒரே புள்ளி வரிசையில் வெவ்வேறு கோலங்கள் போட முடிவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. எந்த நீளத்தில் நிறுத்துவது என்பது ஆய்வாளரின் முடிவாக இருக்கும்வரை, 'மிகப் பெரியது' என்ற பட்டமும் அவர் கையிலேயே இருக்கிறது.

பொறுப்போடு இம்முறை பயன்பட்டதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. புனேயிலுள்ள ஐயூக்கா எனப்படும் வானியல், வானியற்பியல் பல்கலைக்கழக இடை மையத்தைச் சேர்ந்த ஜாய்தீப் பாக்சி, சோமக் ராய்சௌதுரி ஆகியோரும், ஷிஷிர் சங்கியாயன் உள்ளிட்ட உடனாய்வாளர்களும் 2017-ல் அறிவித்த 'சரஸ்வதி' பெருங்கொத்து, ஸ்லோன் கணக்கெடுப்பு வான நடுவரையை ஒட்டி மீண்டும் மீண்டும் படமெடுத்த 'கீற்று 82' என்னும் பகுதியில், மீன ராசியின் திசையில், ஏறத்தாழ 400 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. 43 கொத்துகளையும் குழுக்களையும் கொண்டு 60 கோடி ஒளியாண்டுக்கும் மேல் பரந்த அதன் மொத்த நிறை, ஏறத்தாழ 200 கோடி கோடி சூரியன்களுக்குச் சமம். அக்குழுவினர் அத்தோடு நிற்கவில்லை. அந்தப் பரப்பில் எவ்வளவு பகுதி உண்மையில் தன்னீர்ப்பால் கட்டுண்டது என்பதையும் தனியே கணித்தனர். ஏபெல் 2631 என்ற பெரிய கொத்தை நடுவில் கொண்ட, ஏறக்குறைய 6.5 கோடி ஒளியாண்டு ஆரமுள்ள உட்பகுதி மட்டுமே அவ்வாறு கட்டுண்டது என்பது அவர்கள் கண்ட விடை. எஞ்சியவை இன்று அண்டையில் இருந்தாலும், பிரபஞ்ச விரிவை முடுக்கிவிடும் கரும் ஆற்றலால் நாளடைவில் பிரிந்து செல்லக்கூடியவை. ஒரு பெருங்கொத்தின் பெயரை அறிவிப்பவர்கள் அதில் எவ்வளவு நிலைக்கும் என்பதையும் உடன் சொல்வதே முறை.

தற்செயலின் கைவண்ணம்

இதற்கு எதிர்முனையில் நிற்பது 2013-ன் தொடக்கத்தில் வந்த அறிவிப்பு. இங்கிலாந்தின் மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகத்து ரோஜர் கிளவ்ஸும் உடனாய்வாளர்களும், ஸ்லோன் தரவிலுள்ள 73 குவாசர்கள் ஒரே குழுவாக, நீளவாட்டில் 400 கோடி ஒளியாண்டு பரந்து கிடப்பதாக எழுதினர். குவாசர் என்பது, மையத்திலுள்ள பெருங்கருந்துளை பொருளை விழுங்குவதால் மிகுந்த ஒளியுடன் எரியும் மண்டல மையம். போதிய அளவு பெரிய பரப்பை எடுத்துக்கொண்டால் பிரபஞ்சம் எங்கும் ஒரே சீராகத் தோன்ற வேண்டும் என்பது அண்டவியலின் அடிப்படைக் கொள்கை. அந்தச் சீர்மைக்கான அளவு ஏறத்தாழ 120 கோடி ஒளியாண்டுக்கு மேற்படாது என்று ஜஸ்வந்த் யாதவ், ஜஸ்ஜீத் பாக்லா, நிஷிகாந்த கண்டாய் ஆகிய இந்திய ஆய்வாளர்கள் 2010-ல் கணித்திருந்தனர். அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் நீண்ட ஓர் அமைப்பு உண்மையானால் கொள்கையே ஆட்டம் காணும் என்பதால் செய்தி உலகெங்கும் பரவியது.

அதே ஆண்டில், ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த சேஷாத்ரி நடாதூர் செய்த சோதனை மிக எளியது. கிளவ்ஸ் குழு பயன்படுத்திய அதே அல்காரிதத்தை, அதே இணைப்பு நீளத்துடன், எவ்வித அமைப்பும் இல்லாமல் கணினி கண்மூடித்தனமாகத் தூவிய புள்ளிகளின்மீது ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்த்தார். அந்த வெற்று இரைச்சலிலும் அதே அளவிலான 'அமைப்புகள்' அரிதென்று சொல்ல முடியாத அளவுக்குக் கிடைத்தன. குவாசர்கள் வானில் மிக அரிதாக இருப்பதால் அவற்றை இணைக்க எடுத்துக்கொண்ட நீளமே 30 கோடி ஒளியாண்டுக்கு மேல். அவ்வளவு நீண்ட கையை நீட்டினால் யார் வேண்டுமானாலும் அகப்படுவர். 73 குவாசர்கள் இருப்பது உண்மை. அவை ஒரே அமைப்பு என்பதற்கு ஆதாரமில்லை. இவ்விவாதம் அத்துடன் ஓயவில்லை. மத்திய லங்காஷயர் பல்கலைக்கழகத்தின் அலெக்சியா லோபெஸ் 2021-ல் 330 கோடி ஒளியாண்டு நீண்ட 'பெருவில்' ஒன்றையும், 2024-ல் 130 கோடி ஒளியாண்டு விட்டமுள்ள 'பெருவளையம்' ஒன்றையும், குவாசர் ஒளியில் இடைப்பட்ட வாயுவின் மக்னீசியம் பதித்த உட்கவர் கோடுகளைக் கொண்டு அறிவித்தார். முறை நூதனமானது, ஆனால் தற்செயலுக்கு உரிய பங்கைக் கழித்த பிறகு எவ்வளவு எஞ்சுகிறது என்ற கேள்வி இவற்றையும் விடுவதாயில்லை.

கழித்துப் பார்ப்பதற்கு ஓர் அழகிய வழியை, காரக்பூர் ஐஐடியின் சோம்நாத் பரத்வாஜும், உடனாய்வாளர்களான சுகேது பாவ்சார், ஜதுஷ் ஷேத் ஆகியோரும் 2004-ல் கையாண்டனர். சிலி நாட்டிலிருந்து எடுக்கப்பட்ட, சுமார் 26,000 மண்டலங்களைக் கொண்ட லாஸ் கம்பானாஸ் கணக்கெடுப்பின் கீற்றுகளை அவர்கள் கட்டங்களாக வெட்டினர்; கட்டங்களைத் திருப்பியும் இடம் மாற்றியும் கலைத்து அடுக்கினர். ஒரு கட்டத்துக்குள் அடங்கும் சிறிய இழைகள் கலைத்தாலும் கெடாது. கட்டத்தைவிட நீண்ட இழைகள் அறுபட்டுவிடும். ஆயினும் வெட்டிய துண்டுகள் தற்செயலாக ஒட்டிப் புதிய நீண்ட இழைகளையும் உண்டாக்கும். கலைப்பதற்கு முன் இருந்த இழைத்தன்மை, கலைத்த பின் தற்செயலாக வரும் இழைத்தன்மையைவிடத் தெளிவாக மிகுந்திருக்கும்வரை அந்த நீளத்து இழைகள் உண்மை எனலாம். கட்டத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனபோது, இன்றைய தொலைவுக் கணக்கில் ஏறத்தாழ 33 முதல் 37 கோடி ஒளியாண்டு வரை அந்த வேறுபாடு நீடித்தது; அதற்கு மேல் மறைந்தது. அதைவிட நீண்டதாகக் கண்ணுக்குத் தெரியும் இழைகள், உண்மையான சிறு இழைகள் தற்செயலாகக் கைகோத்தவை. கண்ணைக் குறை சொல்லாமலே கண் எங்கே எல்லை மீறுகிறது என்று காட்டிய இந்த ஆய்வு, பெற்ற புகழைவிடப் பெரும் புகழுக்கு உரியது.

புள்ளிகளின் அடர்த்தியை விட்டுவிட்டு ஓட்டத்தைப் பின்பற்றுவதும் ஒரு வழி. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பிரென்ட் டல்லி தலைமையிலான குழு, விரிவின் வேகத்தைக் கழித்து எஞ்சும் தனிவேகங்களைக் கொண்டு, ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியை வரையறுப்பதுபோல், எந்த மண்டலங்கள் ஒரே மையத்தை நோக்கிச் சரிகின்றன என்று பார்த்து 2014-ல் நம் பெருங்கொத்தின் எல்லையை வரைந்தது. 'லனியாகியா' என்று பெயரிடப்பட்ட அதன் அகலம் 52 கோடி ஒளியாண்டு. நிறை 1,000 கோடி கோடி சூரியன்கள். பால்வீதியும் அதற்குள்ளேதான் இருக்கிறது. ஆனால் இதுவும் முழுமையாகக் கட்டுண்ட அமைப்பன்று. கரும் ஆற்றல் இதையும் கலைத்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியாக நிறுவப்பட்ட பெரிய அளவு எந்தப் படத்திலும் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வியப்பு. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை, கொதிக்கும் அணுத்துகள் குழம்பில் பரவிய ஒலியலைகள் குழம்பு தெளிந்ததும் உறைந்துபோயின. அவை கடந்திருந்த தொலைவு, பிரபஞ்சத்தோடு சேர்ந்து விரிந்து, இன்று ஏறத்தாழ 50 கோடி ஒளியாண்டாக நிற்கிறது. ஆகவே ஒரு மண்டலத்திலிருந்து அந்தத் தொலைவில் இன்னொரு மண்டலம் இருப்பதற்கான வாய்ப்பு, அக்கம்பக்கத்துத் தொலைவுகளைவிட இம்மியளவு கூடுதல். டேனியல் ஐசன்ஸ்டைனின் குழு ஸ்லோன் தரவின் 46,748 ஒளிமிகு செம்மண்டலங்களின் இணைகளை எண்ணி, 2005-ல் அந்தச் சிறு மேட்டைக் கண்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து நடந்த 2dF கணக்கெடுப்பும் அதே ஆண்டில் அதையே உறுதி செய்தது. எந்த ஒரு சுவரையும் சுட்டிக்காட்டாமல், எல்லாப் புள்ளிகளையும் ஒருசேர எண்ணியதால் கிடைத்த அமைப்பு இது. யாருடைய இணைப்பு நீளத்தையும் இது நம்பியிருக்கவில்லை.

அலுமினியத் தகடும் கைவேலையும் இப்போது பழங்கதை. அரிசோனாவின் கிட் சிகரத்தில், 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில் 5,000 சிறு ரோபோக்கள் ஒளியிழைகளைத் தாமே நகர்த்தி இலக்கில் நிறுத்தும் தெசி கணக்கெடுப்பு, 2021 மே மாதம் முறையாகத் தொடங்கியது. 2025 மார்ச்சில் அது வெளியிட்ட முதல் பெருந்தொகுப்பில் 1.87 கோடி வான்பொருள்கள் உள்ளன. அவற்றில் விண்மீன் மண்டலங்கள் மட்டும் 1.31 கோடி. 1986-ன் விசிறியில் இருந்தவற்றைப்போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். புள்ளிகள் பெருகுவதால் தற்செயல் இரைச்சல் குறையும். ஆனால் கோடிக்கணக்கான புள்ளிகளில் வினோத உருவங்களைத் தேடுபவருக்கு வினோத உருவங்கள் கிடைக்கும் வாய்ப்பும் அதே அளவு பெருகும் என்பதால், அடுத்த சில ஆண்டுகளில் 'மிகப் பெரியது' பட்டத்துக்குப் போட்டியாளர்கள் குறைய மாட்டார்கள்.

ஸ்லோன் தரவும், தெசி வெளியிட்ட தொகுப்பும் கட்டணமின்றி இணையத்தில் கிடைக்கின்றன. நண்பனின் நண்பன் அல்காரிதத்தைச் சில பத்து வரிகளில் எழுதிவிடலாம். சரஸ்வதியைக் கண்ட குழுவில் கேரளத்துத் தொடுபுழாவிலுள்ள ஒரு கல்லூரியின் ஆசிரியரும் இருந்தார். இயற்பியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் இந்த வேலையில் இறங்க ஒரு மடிக்கணினி போதும். இறங்குபவர்கள் தம் அல்காரிதத்தை வானத்தின்மீது ஓட்டுவதற்கு முன்பு, வெறுமனே தூவிய புள்ளிகளின்மீது ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.